ஆற்றுவாயில் இரண்டு தலைவர்கள்

செப்டெம்பர் 14, ஞாயிறு

இன்று நான் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவியாகிவிட்டேன். கால் விறைத்ததால் வந்த பதவி.

பொதுக்கூட்டம் வாசிகசாலையில் நடந்தது. தனக்கு இனி இயலாது, வேறு யாராவது வாருங்கள் என்று பழைய தலைவர் கனகலிங்கத்தார் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போயிருந்தார். எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இடது கால் விறைத்து எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. உதறலாம் என்று எழும்பினேன். அந்த நேரம் முழு வாசிகசாலையிலும் எழும்பி நின்றது நான் ஒருத்திதான்.

"இராசமலர் வாறாவாம்," என்றார் கனகலிங்கத்தார்.

"இல்லை, நான் கால்..." என்று தொடங்கினேன். அதற்குள் ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, எல்லோரும் கைதட்டியும் முடித்துவிட்டார்கள். என் கூடப்பிறந்த தங்கச்சி வதனிதான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். வீட்டுக்கு வரும் வழியில் ஏனடி என்று கேட்டேன்.

"உனக்கும் ஒரு அலுவல் வேணுமக்கா," என்றாள்.

மாவும் மிளகாயும் அரைக்கிற மில்லைத் தனியாளாக நடத்துவது அலுவலில் சேராதாம்.

செப்டெம்பர் 15, திங்கள்

காலை முழுக்க மிளகாய். ஓயாத தும்மல். ஒருவரும் வாழ்த்தவில்லை. "தலைவி, போன கிழமை அரைச்ச மா நைசில்லை" என்று இரண்டு பேர் முறையிட்டார்கள்.

செப்டெம்பர் 23, செவ்வாய்

வெளிநாட்டு நிறுவனம் வந்தது. வெள்ளை வாகனத்தில் இரண்டு பெண்கள். ஒருவர் நோர்வேக்காரி, பெயர் இங்கிரிட். நல்ல உயரம். வாசிகசாலைக் கதவு நிலையில் தலையை இடித்துவிட்டு, நிலையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். மற்றவர் யாழ்ப்பாணத்துக் கார்த்தியாயினி மிஸ். இங்கிரிட் சொல்வதைத் தமிழில் சொல்வதும், நாங்கள் சொல்வதைக் கொஞ்சம் மினுக்கி ஆங்கிலத்தில் சொல்வதும் அவருடைய வேலை.

சமூகத்தின் தாங்குதிறனைக் கட்டியெழுப்புவதுதான் திட்டத்தின் நோக்கம் என்றார் மிஸ். கனகலிங்கத்தார் கையை உயர்த்தினார்.

"தாங்குதிறன் எண்டா என்ன பிள்ளை?"

"ஒரு அனர்த்தம் வந்தா அதைத் தாங்கி, திரும்ப எழும்புற சக்தி ஐயா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சுனாமியத் தாங்கினம். சண்டையத் தாங்கினம். முகாமிலயும் கிடந்தம். திரும்பி வந்து பத்தை வெட்டி விதைச்சம். அது எங்களிட்டக் கனக்க இருக்கு. அவவின்ர ஊரில தட்டுப்பாடெண்டா கொஞ்சம் கொண்டு போகச் சொல்லுங்கோ."

மிஸ் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. இங்கிரிட் எழும்பிவந்து கனகலிங்கத்தாரின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார்.

பயிற்சி தருவார்களாம், சாமான் தருவார்களாம், கடைசியில் வெள்ளத்துக்கு ஒதுங்க ஒரு மாடி மண்டபமும் கட்டித் தருவார்களாம். நிபந்தனை ஒன்றுதான். மருதங்களப்பு ஊர் முழுவதுக்கும் ஒரே அனர்த்தக் குழு வேண்டும். வயல்பக்கமும் கரைப்பக்கமும் சேர்ந்து இருக்க வேண்டும். முடியாவிட்டால் திட்டம் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

வாசிகசாலையில் சத்தம் அடங்கிவிட்டது.

காரணம் இதுதான். எங்கள் களப்புக்கும் கடலுக்கும் இடையே ஒரு மணல்மேடு. அந்த இடத்தை ஆற்றுவாய் என்போம். மாரியில் களப்பு நிரம்பினால் அதை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். முந்தி வெட்டினால் வயல் தப்பும். களப்பில் வளரும் இறால் கடலோடு போய்விடும். பிந்தி வெட்டினால் இறால் பெருக்கும், வயல் அழுகிவிடும். போன மாரியில் எங்கள் வயல்பக்கத்தார் ஒருவரையும் கேட்காமல் வெட்டிவிட்டார்கள். அதன் பிறகு கரைப்பக்கத்தாரும் நாங்களும் கலியாண வீட்டில்கூட ஒரே பந்தியில் இருப்பதில்லை.

மீன்பிடிச் சங்கத் தலைவரோடு யார் போய்க் கதைப்பது என்று கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த முறை நான் எழும்பக்கூட இல்லை.

செப்டெம்பர் 28, ஞாயிறு

சேர்ச்சில் பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்துக் கரைப்பக்கம் போனேன். மீன்பிடிச் சங்கத் தலைவர் எமில்தாசன் என்பவர் வள்ளத்து எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அதற்கு நடுவில் இருந்தார். மனைவி சண்டையின் கடைசி வருடத்தில் தவறியவர் என்று வதனி சொல்லியிருந்தாள். முரட்டு ஆள் என்றும் சொன்னாள். அது உண்மை. ஆளைப் பார்த்ததும் "வாங்கோ" என்று சொல்லத் தெரியவில்லை. இருந்த ஒரே கதிரையை எண்ணெய்க் கையால் நன்றாகத் துடைத்து எனக்குப் போட்டுவிட்டு, தான் மீன்பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்தார். என் சாறி பழுதாகிவிட்டது.

"வயல்பக்கத்தார் இப்ப கேட்டுச் செய்யிறவையாமோ?" என்றார்.

"போன வருசம் செய்தது பிழை. நான் அப்ப தலைவியில்லை. இருந்திருந்தா விட்டிருக்க மாட்டன்."

எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அப்ப ஒரு விதி போடுவமோ? ரெண்டு பக்கமும் சம்மதிக்காமல் ஒரு மண்வெட்டியும் ஆற்றுவாயில இறங்கக் கூடாது."

"போடுவம்," என்றேன்.

அவர் நான் மறுப்பேன் என்று ஒரு பெரிய வாக்குவாதத்துக்கு ஆயத்தமாக இருந்திருக்கிறார். பாவம், அது வீணாகிவிட்டது. அதற்குப் பிறகு என்ன கதைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எஞ்சினைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வந்துவிட்டேன். பதில் நீளமாக இருந்தது.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பயிற்சிப்பட்டறை. நல்ல சாறி எதற்கு என்று வதனி கேட்டாள். எண்ணெய் பட்டது இன்னும் ஊறுகிறது, வேறு என்னத்தைக் கட்டுவது?

முதலில் விளையாட்டு. பழைய கடதாசியும் நூலும் தந்து, கூரையிலிருந்து போட்டாலும் உடையாத மாதிரி ஒரு முட்டையைச் சுற்றச் சொன்னார்கள். வயலும் கரையும் கலந்து சோடி சேர வேண்டும் என்றார் மிஸ். கரைப்பக்கத்து ஆட்கள் முட்டையை வலைமுடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். எங்கள் ஆட்கள் வைக்கோல் தேடிப் போனார்கள். கனகலிங்கத்தார் தன் சோடியிடம், "அவிச்சுப் போட்டா என்ன?" என்று கேட்டிருக்கிறார். அவித்தே போட்டார்கள். விதியில் பச்சை முட்டை என்று எங்கும் இல்லை என்று மிஸ்ஸோடு வாதாடினார். இங்கிரிட் சிரித்துச் சிரித்து, நிலத்தில் இருந்துவிட்டார். பரிசு அவர்களுக்குத்தான்.

பிறகு நிலத்தில் கலர்த்தூளால் ஊரின் படம் வரைய வேண்டும். ஆளுக்கொரு மூலையில் தொடங்கினோம். முடிந்ததும் மிஸ் படத்தைச் சுற்றி நடந்தார். நாங்களும் பார்த்தோம். வயல்பக்கத்தார் வரைந்த ஊரில் கடல் இல்லை. கரைப்பக்கத்தார் வரைந்த ஊரில் வயலே இல்லை. ஒரே நிலத்தில் இரண்டு ஊர். யாரோ ஒருவர் செருமினார். பிறகு ஒருவரும் சொல்லாமலே சனம் குனிந்து மற்றப் பக்கத்தை வரையத் தொடங்கியது. "உந்த வாய்க்கால் எங்கால போகுது?" "உங்கட மீன்வாடி எந்தப் பக்கம்?" என்று ஒரே கேள்வி. ஒரு வருடமாகப் பேசாத ஆட்கள்.

எமில்தாசன் என் மில்லை வரைந்திருந்தார். கோயிலையும் சேர்ச்சையும்விடப் பெரிதாக. அளவு தெரியாத மனிதர்.

ஒக்டோபர் 6, திங்கள்

கலர்த்தூள் விரல் இடுக்கில் இன்னும் இருக்கிறது. பச்சை.

ஒக்டோபர் 11, சனி

எமில்தாசன் மோட்டார் சைக்கிளில் மிளகாய் கொண்டுவந்தார். இந்தக் கிழமையில் இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் கைப்பிடியளவு.

"கரைப்பக்கத்தில ஒரு மில் இருக்கெல்லோ?" என்று கேட்டேன்.

"அங்க நைசா அரையாது."

இங்கேயும் நைசாக அரையாது என்று ஊர் முழுக்கச் சொல்கிறது. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. வாடிக்கையாளரை இழக்கக் கூடாது.

ஒக்டோபர் 19, ஞாயிறு

அனர்த்தக் குழுவின் முதல் கூட்டம். இரண்டு சங்கத் தலைவர்களும் கூட்டுத் தலைவர்கள். யாப்பு எழுதினோம். பாதி நாள் தேநீரிலும் பனிஸிலும் போனது. மிச்சம் ஆற்றுவாயில் போனது.

பழைய மதகின் வளைவில் களப்புத் தண்ணீர் முட்டினால் இரண்டு தலைவர்களும் ஆற்றுவாய்க்குப் போக வேண்டும். இரண்டு பேரும் சம்மதித்தால், இரண்டு பேரும் சேர்ந்து முதல் மண்ணை வெட்ட வேண்டும். இதுவரை ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

"சம்மதிக்காட்டி?" என்று கேட்டான் பாலன். வதனியின் புருசன். அவன் வயல் களப்போரத்தில்தான் இருக்கிறது.

"சம்மதிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் அந்த இடத்தை விட்டு வரக்கூடாது," என்றார் கரைப்பக்கத்துப் பெண்மணி ஒருவர்.

சபையில் ஒரே சிரிப்பு. வதனி மற்றவர்கள் நிறுத்தின பிறகும் சிரித்தாள். அந்த விதி ஏகமனதாக நிறைவேறியது. எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. எமிலும் குனிந்துகொண்டு பனிஸைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 3, திங்கள்

சாமான் வந்து இறங்கியது. செம்மஞ்சள் ஹெல்மெற், மழைக்கோட், ஒலிபெருக்கி, முதலுதவிப் பை, 'தாங்குவோம் எழுவோம்' என்று எழுதின ரீசேட், வீட்டுக்கு ஒரு விசில். பின்னேரத்துக்குள் விசில் எல்லாம் சின்னப்பிள்ளைகளின் கழுத்துக்குப் போய்விட்டது. மாடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. ஐயர் பூசையை இடையில் நிறுத்தி வெளியே வந்து பார்த்தார். சேர்ச்சில் செபமாலையும் குழம்பிப்போனதாம். அனர்த்தக் குழுவின் முதல் அவசரக் கூட்டம் விசிலைத் தடைசெய்யக் கூட்டப்பட்டது.

மண்டபம் கட்டுவதற்கு முன் ஆற்றுவாய்க்கு ஒரு கல்லணை கட்டித் தரலாமோ என்று இங்கிரிட்டிடம் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. மண்வேலை எதுவும் இந்தத் திட்டத்தில் இல்லையாம். பயிற்சி இருக்கிறது, ஒத்திகை இருக்கிறது. ஒரு கூடை மண்கூட அள்ள முடியாது. "எழுதினவை ஒஸ்லோவில இருக்கினம். அங்க ஆற்றுவாய் இல்லை," என்று மிஸ் மெல்லமாக எனக்கு மட்டும் சொன்னார்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. எமில் வரவில்லை. மிளகாய் அரைக்க ஒருவரும் வரவில்லை என்று எழுத வந்தேன்.

டிசெம்பர் 4, வியாழன்

விடாத மழை. காலையில் மதகின் வளைவில் தண்ணீர் முட்டிவிட்டது. நானும் எமிலும் ஆற்றுவாய்க்குப் போனோம். எனக்குப் பின்னால் வயல்பக்கம் மண்வெட்டியோடு. அவருக்குப் பின்னால் கரைப்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு.

"இண்டைக்கு வெட்ட வேணும்," என்றேன்.

"ஒரு நாள் தாங்கோ. இறால் இப்பதான் பிடிக்கிற பருவத்துக்கு வருது. வலை போட்டு எடுக்கிறதை எடுத்திட்டு நாளைக்கு நானே வந்து வெட்டுறன்."

"ஒரு நாளில என்ன நடக்கும் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"ஒரு நாளில எங்கட சனத்துக்கு ஒரு வருசச் சாப்பாடு போகும். அதுவும் தெரியும்."

இரண்டு பேரும் கத்தினோம். மழையில் கத்தாமல் கேட்காது. மூக்கு நுனியில் இருந்து தண்ணீர் ஒழுக ஒழுக வாதாடினோம். போன வருடம் இறால் போன பிறகு கரைப்பக்கத்தில் எத்தனை வீட்டில் அடுப்புப் புகையவில்லை என்று அவர் ஒவ்வொரு வீடாகச் சொன்னார். அதை நான் அறிந்திருக்கவில்லை. நான் பாலனைத் திரும்பிப் பார்த்தேன். அவனுடைய பயிரின் கழுத்துவரை தண்ணீர் நின்றது.

"பாலன், பயிர் ஒரு நாள் தாங்குமோ?"

அவன் கனநேரம் வயலைப் பார்த்தான். "பயிர் தாங்கும். எனக்குத்தான் தாங்காது."

ஒரு நாள் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது கனகலிங்கத்தார் என்னோடு கதைக்கவில்லை. "தலைவி கரைப்பக்கம் சாஞ்சிட்டா," என்று யாரோ எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்கள். நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. யாப்பில் சம்மதம் என்றுதான் இருக்கிறது, வெற்றி என்று இல்லை. அவர் கேட்டது நியாயம். வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேனோ என்று இப்போது யோசிக்கிறேன். பாலன் இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நாளை வயல் போனால் வதனியின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

டிசெம்பர் 5, வெள்ளி

எழுத முடிகிறதா பார்க்கிறேன். கை இரண்டும் கொப்புளம். ஆனால் எழுதாமல் இருக்க ஏலாது.

விடியும்போதே மேலே பெரிய குளத்தின் வான்கதவைத் திறந்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. திறக்காவிட்டால் குளம் உடையுமாம். ஒழுங்கைகளில் தண்ணீர். பெரிய வீதி இரண்டு இடத்தில் அறுத்துவிட்டது. நேற்று ஊரில் தங்கின இங்கிரிட்டும் மிஸ்ஸும் வாகனத்தோடு வாசிகசாலையில் அகப்பட்டுவிட்டார்கள். தண்ணீர் வீட்டுக்குள் முதலில் ஏறினது வயல்பக்கத்தில் இல்லை, பள்ளமான கரைப்பக்கத்தில்.

மில்லில் மாமூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். எமில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். வலையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"வெட்டுவம் தலைவி. இறால் போனாப் போகட்டும்."

"உங்கட ஆக்களைக் கேட்டனீங்களோ?"

"கேட்டு, கையுயர்த்த வைச்சு, பேச்சும் வாங்கிக்கொண்டுதான் வாறன்."

மண் வெட்டும் பெக்கோ வர வீதி இல்லை. கையால்தான் வெட்ட வேண்டும். எத்தனை பேர் இருந்தாலும் போதாது. நான் வாசிகசாலைக்கு ஓடினேன். இங்கிரிட்டும் மிஸ்ஸும் ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ கதைத்தார்கள். மண்வேலை திட்டத்தில் இல்லை என்பதுதான் பேச்சு என்று எனக்கு விளங்கியது. பிறகு இங்கிரிட் ஒரு சொல் சொன்னார். மிஸ்ஸின் முகம் மலர்ந்தது.

"ஒத்திகை திட்டத்தில இருக்குத்தானே," என்றார் மிஸ். "இண்டைக்கு ஒத்திகை. எல்லாரையும் வரச் சொல்லுங்கோ."

தடையை நீக்கினேன். ஊரில் இருந்த அவ்வளவு விசிலும் ஒன்றாக ஊதியது.

அப்படி ஒரு கூட்டத்தை நான் திருவிழாவில்கூடக் கண்டதில்லை. மண்வெட்டி, அலவாங்கு, சோற்றுத் தட்டு, மீன்கூடை. ஹெல்மெற்றைக் கவிழ்த்தால் நல்ல மண் அள்ளலாம் என்று பாலன் கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு ஒரு தலையிலும் ஹெல்மெற் இல்லை. நானும் எமிலும் ஒரே மண்வெட்டியைப் பிடித்து முதல் மண்ணை வெட்டினோம். யாப்பு அப்படி. அதன் பிறகு யார் எந்தப் பக்கம் என்று பார்க்க முடியவில்லை. எல்லோரும் தலையில் இருந்து கால்வரை சேறு. இங்கிரிட் தன் நீளக் கையால் வீசிய மண் கனகலிங்கத்தாரின் மேல் விழுந்தது. அவர் திருப்பி வீசினார். மிஸ் மழைக்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுரிதாரை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். "நான் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை" என்று கேட்காத ஆட்களுக்கும் சொன்னார்.

மதியம் தாண்டித்தான் தண்ணீர் கடலைத் தொட்டது. முதலில் பாம்பின் தடிப்பில் ஒரு ஓட்டம். அது கடல் அலையில் கலந்ததும் கரை இரண்டு பக்கமும் தானாகவே உடைந்து விழத் தொடங்கியது. வண்டில் அகலம், வீதி அகலம், பிறகு ஒரு பெரிய இரைச்சல். எல்லோரையும் பின்னால் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் கத்தினேன். சனம் ஊர்ப்பக்கக் கரைக்கு ஓடியது. நானும் எமிலும் கடைசி ஆள் வெளியேறிவிட்டதா என்று மற்றப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். எங்கள் இரண்டு பேரைத் தவிர. எங்களுக்கும் ஊருக்கும் நடுவில் ஆறு.

அப்போது என் காலடி மணல் சரிந்தது. எமில் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். பிறகு விட மறந்துவிட்டார். களைப்பாக இருக்கும். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்தப் பக்கத்தில் முழு ஊரும் நின்று எங்களைப் பார்த்தது. பிறகு யாரோ "இறால்" என்று கத்தினார்கள். களப்பு இறால் எல்லாம் ஓட்டத்தோடு ஆற்றுவாய்க்கு வந்துவிட்டது. கரைப்பக்கத்தார் வலையோடு பாய்ந்தார்கள். கயிறு பிடிக்க ஆள் போதாமல் வயல்காரர்களும் பிடித்தார்கள். பாலன் குதிகால் மணலில் புதைய ஒரு வலைக்கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றதை என் கண்ணால் கண்டேன். போன மாரியில் தானே வெட்டி அனுப்பின இறாலை இந்த மாரியில் தானே பிடித்துக் கொடுத்தான்.

ஓட்டம் தணிந்து வள்ளம் வரும்வரைக்கும் நாங்கள் அங்கேயே இருந்தோம். பொழுது பட்டுவிட்டது. குளிரவில்லை.

என்ன கதைத்தீர்கள் என்று வதனி கேட்டாள். ஆற்றுவாய் பற்றி என்றேன். அவள் நம்பவில்லை. உண்மையில் ஆற்றுவாய் பற்றியும் கதைத்தோம்.

டிசெம்பர் 6, சனி

மா தந்தவர்களுக்கு மிளகாயும் மிளகாய் தந்தவர்களுக்கு மாவும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒருவரும் கோபிக்கவில்லை, அதுதான் எரிச்சல்.

டிசெம்பர் 9, செவ்வாய்

பாலனின் கீழ்வயல் போய்விட்டது. அவன் வரம்பில் குந்தியிருந்து அழுகின பயிரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தான். நான் பக்கத்தில் போய் இருந்தேன். ஒரு நாள் முந்தி வெட்டியிருந்தால் இதுவும் தப்பியிருக்கும். அதை நானே சொன்னேன்.

"ஓமக்கா," என்றான். "முந்தி வெட்டியிருந்தா எமில் அண்ணை இண்டைக்குக் காலமை நாத்தோட வந்திருக்க மாட்டார். கரைப்பக்கத்தார் சேர்ந்து வாகனம் பிடிச்சு, எங்கயோ மேட்டு ஊரில வாங்கிக்கொண்டு வந்திருக்கினம். நாளைக்கு நட வருவினமாம். நடத் தெரியுமோ எண்டு கேட்டன். தெரியாதாம். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

மேல்வயல்கள் நிமிர்ந்துவிட்டன. வீடு வீடாக இறால் வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு தரம்.

டிசெம்பர் 21, ஞாயிறு

பொதுக்கூட்டம். இங்கிரிட்டும் மிஸ்ஸும் வந்தார்கள். ஒத்திகை பற்றிய அறிக்கை மேலிடத்துக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். இவ்வளவு உண்மையான ஒத்திகை வேறெந்த ஊரிலும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்களாம். மிஸ் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் இதை வாசித்தார். மண்டபம் வரும்.

எங்கே கட்டுவது என்பதில் பெரிய சண்டை. வயல்பக்கத்தில் என்று கொஞ்சப் பேர், கரைப்பக்கத்தில் என்று கொஞ்சப் பேர், வாசிகசாலையின் மேலேயே ஒரு மாடி போடலாம் என்று கனகலிங்கத்தார். கத்தினார்கள், மேசையில் தட்டினார்கள். ஒன்றைக் கவனித்தேன். கத்துகிறவர்கள் பக்கம் பக்கமாக இருக்கவில்லை. கலந்திருந்து கத்தினார்கள். இங்கிரிட் கவலையோடு மிஸ்ஸிடம் ஏதோ கேட்டார். "இல்லையில்லை, இது நல்ல அறிகுறி," என்று மிஸ் எங்களுக்கும் விளங்கத் தமிழிலேயே சொல்லிவிட்டார். கடைசியில் மதகடி மேடு என்று முடிவானது. இரண்டு பக்கத்துக்கும் சம தூரம்.

வேறு விடயங்கள் உண்டா என்று கேட்டேன். கனகலிங்கத்தார் எழும்பினார். கையில் யாப்பு.

"தலைவி, ஒரு சிக்கல் இருக்கு. ஒரு குடும்பத்தைச் சேர்ந்த ரெண்டு பேர் குழுவில பதவி வகிக்கேலாது எண்டு நாங்கள்தான் எழுதி வைச்சனாங்கள். இப்ப கூட்டுத் தலைவர்கள் ரெண்டு பேரும் ஒரு குடும்பமாகப் போகினம். அதுக்கு என்ன செய்யிறது?"

நான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த நாட்குறிப்புக்குக்கூடச் சொல்லவில்லை. அன்று மணலில் எமில் கேட்டது உண்மை. யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொன்னதும் உண்மை. எனக்குப் பேசின இரண்டு கலியாணமும் இரண்டு இடப்பெயர்வில் தொலைந்துபோனவை. மூன்றாவதை யோசிக்காமல் எப்படிச் சொல்வது? இவ்வளவு நாளும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். யோசித்து முடித்து எவ்வளவோ நாளாகிவிட்டது, எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

எமிலைப் பார்த்தேன். நான் சொல்லவில்லை என்பதுபோல் இரண்டு கையையும் விரித்தார்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கனகலிங்கத்தாரைக் கேட்டேன்.

"முழு ஊரும் கரையில நிண்டு பாத்ததைத் தனியா வேற ஆரும் சொல்ல வேணுமோ?"

நான் பதவி விலகுகிறேன் என்று எழும்பினேன். அதே நேரம் எமிலும் எழும்பினார். இரண்டு பேரும் விலகினால் குழுவே இல்லை என்று கரைப்பக்கத்தில் இருந்து சத்தம் வந்தது. மலரக்கா விலகக் கூடாது என்றார்கள் அவர்கள். எமில் அண்ணை விலகக் கூடாது என்றார்கள் எங்கள் ஆட்கள். சம்பந்தப்பட்டவர்கள் சபையில் இருக்கக் கூடாது, அதுவும் யாப்பில் இருக்கிறது என்று வதனி கையுயர்த்திச் சொன்னாள். என் கூடப்பிறந்த தங்கச்சி எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

வெளியே தூறல். வாசிகசாலைக் கூரைத் தாழ்வாரத்தில் ஒடுங்கி நின்றோம். உள்ளே பெரிய இரைச்சல்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல மலர்," என்றார்.

"தெரியும்."

"நீங்கள் இன்னும் பதில் சொல்லேல்ல."

உள்ளே யாரோ மேசையில் தட்டினார்கள்.

"ஓம்," என்றேன்.

"என்ன ஓம்? தெரியுமெண்டதுக்கோ, கேட்டதுக்கோ?"

"ரெண்டுக்கும்தான்."

அவர் தாழ்வாரத்துக்கு வெளியே போய்த் தூறலில் நின்றார். பிறகு உள்ளே வந்தார். பிறகு திரும்ப வெளியே போனார். நாற்பத்தாறு வயது மனிதர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும், இரைச்சல் ஒரு கணம் நின்று திரும்பத் தொடங்கியது.

கதவு திறந்தது. கனகலிங்கத்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முடிவை அறிவித்தார்.

"பதவி விசயத்தில இணக்கம் வரேல்ல. ஒத்திவைச்சிருக்கு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் இருக்கலாம். கலியாணம் ஏகமனதா நிறைவேறிட்டுது. கோயிலோ சேர்ச்சோ எண்டதுக்கு ஒரு உபகுழு போட்டிருக்கு. வயலில மூண்டு பேர், கரையில மூண்டு பேர். இங்கிரிட் பார்வையாளர்."

"அந்தக் குழுவில நாங்கள் இல்லையோ?" என்று எமில் கேட்டார்.

"அதெப்படி? நீங்கள் சம்பந்தப்பட்ட ஆக்களெல்லோ," என்றார் கனகலிங்கத்தார்.